கத்தி கூப்பிடு

முதலில் மன்னிப்பு. என் கையெழுத்து சாய்ந்து சாய்ந்து வரியை விட்டு இறங்கிவிடும். தென்னை மரம் ஏறுகிற கை இது; பேனாவைக் கொடுத்தாலும் மரத்தைப் பிடிப்பதுபோல இறுக்கிப் பிடிக்கிறது. பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நின்றது. சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்பதில் எனக்குப் பாதிதான் நிச்சயம். ஒற்று எங்கே போட வேண்டும் என்பது சுத்தமாகத் தெரியாது. இருக்க வேண்டிய இடத்தில் விட்டுவிடுவேன், வேண்டாத இடத்தில் ஒரு க் போட்டுவைப்பேன். மகள் திருத்தித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். அதையும் மீறித் தப்பு இருந்தால் அது என்னுடையது.

எங்கள் தெருக் குடும்பங்கள் மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் கூடி ஜெபம் சொல்லுவோம். அன்பியக் கூட்டம் என்று பெயர். போன கூட்டத்தில் ஒவ்வொருவராக எழுந்து, வாழ்க்கையில் நன்றி சொல்ல வேண்டிய ஒரு காரியத்தைச் சொன்னார்கள். என் முறை நெருங்கியபோது நான் தண்ணீர் குடிக்கப் போகிறவன் மாதிரி எழுந்து வெளியே போய், செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். கூட்டம் முடிந்ததும், அந்த வீட்டு அக்கா, "பேச வரலேன்னா எழுதியாவது குடுங்க அண்ணா, கோயில் புஸ்தகத்துல போடலாம்" என்றார். அதனால் எழுதுகிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. கொட்டிவாக்கத்தில் ரோட்டுக்கும் கடலுக்கும் நடுவே முப்பது சென்ட் மணல் நிலத்தை அப்பா குத்தகைக்கு எடுத்திருந்தார். அதில் பதினோரு தென்னை, வேலியோரம் வாழை, நடுவில் பாத்தி பாத்தியாகக் கீரை. ஓர் ஓரத்தில் எங்கள் குடிசை. இன்னோர் ஓரத்தில் துரவு. அது கிணறுபோல ஆழமில்லை. மணலை அகலமாகத் தோண்டிவிட்டால் இடுப்பளவுக்கு நல்ல தண்ணீர் ஊறி நிற்கும். அதில் இறங்கிக் குடத்தால் மொண்டு கீரைக்கு ஊற்றுவோம். துரவுக்குப் பக்கத்துத் தென்னையில் எங்கள் சினைப்பசு கட்டியிருக்கும்.

அந்த முப்பது சென்ட்டையும் நடத்தியது ஒரு கத்தி. கடையில் கேட்டால் கொடுவாள் என்பார்கள். என் கை நீளம் இருக்கும், நுனி கிளியின் மூக்குபோல வளைந்திருக்கும், மரப்பிடியில் அப்பா சைக்கிள் டியூபைச் சுற்றியிருந்தார். எங்கள் வீட்டில் மற்றதெல்லாம் அதனதன் பெயரில் இருந்தது. மீன் அரிவது அரிவாள்மணை, கீரை அறுப்பது அறுவாள். வெறுமனே கத்தி என்று சொன்னால் இதுதான். தேங்காய்க் குலை வெட்டுவதும் இதுதான், மட்டையைக் கிழித்து வேலி கட்டுவதும் இதுதான். வேலிக் குச்சியைச் சீவ, வாழைத்தண்டை மாட்டுக்குத் துண்டு போட, முள்ளு வெட்ட, இளநீர் சீவ, விறகு பிளக்க, எல்லாவற்றுக்கும் இதுவே. ஒரு மழைக்காலத்தில் குடிசைக் கதவின் தாழ்ப்பாளாகவும் இருந்தது. வேலை முடிந்ததும் அப்பா அதைத் துடைத்து, கூரை தாழ்ந்து இறங்குகிற ஓரத்தில், இறவாணத்தில் செருகிவிடுவார். அதைத் தொடக்கூடாது என்பது எனக்குச் சட்டம்.

அதற்கு இன்னொரு சட்டமும் உண்டு. அப்பா மரத்தில் குலையை வெட்டி முடித்ததும், இறங்குவதற்கு இரண்டு கையும் வேண்டுமென்று கத்தியைக் கீழே மணலில் போட்டுவிடுவார். போடுவதற்கு முன்னால், "கத்தி!" என்று மேலிருந்து ஒரு குரல் கொடுப்பார். கீழே இருக்கிறவர்கள் விலகி நின்று "ஓய்!" என்று பதில் கொடுக்க வேண்டும். ஓய் வந்தால்தான் கத்தி வரும். எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் எல்லாருக்கும் இதுதான் வழக்கம்.

என்னிடமிருந்து ஓய் வராது.

நான் ஊமை இல்லை. பசுவிடம் பேசுவேன். அம்மாவிடம் காதோரம் பேசுவேன். மற்றவர்கள் முன்னால் வாயைத் திறந்தால் தொண்டையில் யாரோ கதவைச் சாத்துவது மாதிரி இருக்கும். பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால் கையைத் தூக்குவேன். அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, ரோட்டுக்கு அந்தப்பக்கம் சவுக்குத் தோப்பில் வேலை பார்த்தார். தினமும் கூழ் குடிக்க வரும்போதெல்லாம் என் கன்னத்தைப் பிடித்து, "அக்கா, உன் புள்ளைக்கு இது வாயா, இல்ல சோறு போட்ற ஓட்டையா?" என்பார். நான் அதற்கும் சிரிக்க மட்டும்தான் செய்வேன்.

அப்பாவுக்கு அது சிரிப்பாக இல்லை. ஒருநாள் அவர் மரத்தின் மேலே இருந்தார். "விலகு!" என்று குரல் கொடுத்தார். பதில் வரவில்லை; யாரும் இல்லை என்று நினைத்துக் குலையை வெட்டிவிட்டார். நான் அடிமரத்தில் உட்கார்ந்து எறும்பு பார்த்துக்கொண்டிருந்தேன். பத்துப் பன்னிரண்டு தேங்காய் என் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. அப்பா சறுக்கிக்கொண்டே இறங்கி வந்தார். நெஞ்செல்லாம் சிராய்ப்பு. என்னை அடிக்கவில்லை. மரத்தை இரண்டு முறை கையால் அடித்தார். அம்மாவிடம் சொன்னார்: "கத்தி கீது, துரவு கீது, பாம்பு கீது. ஒரு கொரலு குடுக்காத புள்ளைய இங்க வச்சிக்கினு நான் இன்னாம்மே பண்றது?"

சிந்தாதிரிப்பேட்டையில் இருந்த பெரியப்பாவுக்கு ஓர் இடம் தெரியும். பேசாத பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு, சோறு போட்டு, கைவேலை கற்றுக்கொடுக்கிற விடுதி. மாதா கோயில் திருவிழாவில் கொடி இறக்கின மறுநாள் பெரியப்பா வந்து என்னை அழைத்துப் போவதாகப் பேச்சு. அம்மா, "அவன் பேசுவான்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். வேறு நியாயம் ஒன்றும் அவரிடம் இல்லை.

இவ்வளவும் எனக்குப் பின்னால் தெரிந்தது. அப்போது எனக்குச் சொன்னது வேறு. "பெரியப்பா வீட்டுக்குப் போறே. ஜாலியா ரயில் பாக்கலாம்" என்றார்கள். வானநீலத்தில் இரண்டு பை வைத்து ஒரு சட்டை தைத்து வந்தது. டிரங்குப் பெட்டியில் இருந்த அந்தச் சட்டையை நான் ஒருநாளைக்கு நாலு தடவை திறந்து பார்த்தேன். சில சமயம் அம்மா என் பின்னால் வந்து நின்று பெட்டியை மூடுவார். சட்டை அழுக்காகிவிடும் என்று மூடுகிறார் என நினைத்துக்கொள்வேன்.

திருவிழாவுக்குக் கொடி ஏற்றி நாலைந்து நாள் ஆகியிருந்தது. அப்பா விடிகாலையிலேயே கீரைக்கட்டைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு திருவான்மியூர் மார்க்கெட்டுக்குப் போய்விட்டார். முதல்நாள் பெய்த மழையில் துரவின் கரை ஊறியிருந்தது. பசு புல்லுக்கு எட்டிப் போனபோது, பின்னங்கால் இருந்த மணல் அப்படியே சரிந்தது.

பசு பின்பக்கமாகத் துரவுக்குள் இறங்கிவிட்டது. ஆனால் முழுக்க இறங்கவில்லை. கழுத்துக் கயிறு மேலே தென்னையில் கட்டியிருந்தது. அது குப்பத்தில் வாங்கின நைலான் கயிறு, வலைக்காரர்கள் கழித்துப் போட்டது. அறாது. கயிறு வீணைக் கம்பி மாதிரி விறைத்து நின்றது. பசு அதில் தொங்கியது. நாக்கு வெளியே வந்துவிட்டது. ஒரு மாதிரி கரகரவென்று மூச்சு வந்தது.

அம்மா கீரைப் பாத்தியிலிருந்து ஓடிவந்து துரவில் குதித்தார். பசுவின் நெஞ்சுக்குக் கீழே தோளைக் கொடுத்துத் தூக்கினார். கயிறு கொஞ்சம் தளர்ந்தது. பசு ஒரு மூச்சு இழுத்தது. அம்மா தோளை எடுத்தால் மறுபடி தொங்கும். அம்மாவால் அங்கிருந்து நகர முடியாது. இரண்டு முறை "தம்பீ!" என்று மாமாவைக் கூப்பிட்டார். பள்ளத்துக்குள் இருந்து, மாட்டின் எடையைத் தாங்கிக்கொண்டு கூப்பிட்ட குரல், துரவின் கரையைத் தாண்டவில்லை. அப்போதுதான் மேலே நான் நிற்பதைப் பார்த்தார்.

"டேய்! மாமாவ கத்தி கூப்புடு!"

சத்தம் போட்டு மாமாவைக் கூப்பிடு என்பதுதான் அம்மா சொன்னது. ஆனால் என் காதில் மூன்று வார்த்தை தனித்தனியாக விழுந்தது. மாமா. கத்தி. கூப்பிடு. மற்ற இரண்டும் என்னால் ஆகாத காரியம். நடுவில் இருந்த ஒன்று இறவாணத்தில் செருகியிருந்தது.

ஓடினேன். குடத்தைக் கவிழ்த்துப் போட்டு ஏறி, அதுவரை தொட்டே இராத அந்தக் கத்தியை உருவினேன். அவ்வளவு கனம் இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்து, துரவின் கரையில் நின்றேன்.

அம்மா என்னைப் பார்த்தார். கத்தியைப் பார்த்தார். அந்த முகத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அழுகை வருவதற்கும் சிரிப்பு வருவதற்கும் முன்னால் ஒரு முகம் இருக்குமே, அது.

"அட என் அப்பனே! கத்தச் சொன்னா கத்தியத் தூக்கினு வந்து நிக்கிதே!"

பிறகு அவர் கண் கயிறு போன வழியே போய்த் தென்னையில் நின்றது.

"சரி. வெட்டு. கயித்த மரத்தோட வச்சி வெட்டு. கால தள்ளி வச்சிக்கோ."

முதல் வெட்டு கயிற்றில் படவில்லை. கத்தி மரத்தில் இறங்கி மாட்டிக்கொண்டது. ஆட்டி ஆட்டிப் பிடுங்கினேன். இரண்டாவது வெட்டில் கயிறு பாதி பிரிந்து, இழை இழையாகச் சுருண்டது. "இன்னொண்ணு போட்றா ராசா" என்று பள்ளத்திலிருந்து குரல் வந்தது. மூன்றாவதில் டப்பென்று அறுந்தது. அறுந்த முனை என் காதை உரசிக்கொண்டு போனது.

பசு மொத்தமாகத் தண்ணீருக்குள் விழுந்தது. அம்மாவையும் சேர்த்து அமுக்கியது. பசுவின் முதுகு தெரிந்தது. அம்மா தெரியவில்லை.

இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அம்மா முங்கியிருந்த அந்த நேரத்திலும் என் வாயிலிருந்து சத்தம் வரவில்லை. வாய் திறந்திருந்தது. கதவு சாத்தியே இருந்தது.

அப்புறம் பசு நாலு காலையும் ஊன்றி எழுந்து நின்றது. தண்ணீர் அதன் வயிற்றளவுதான். அதற்குப் பக்கத்தில் அம்மா எழுந்தார், வாயிலிருந்து மணலைத் துப்பிக்கொண்டு. கழுத்துச் சுருக்கைப் பற்களாலும் விரல்களாலும் தளர்த்தினார். பசு இருமியது. மாடு இருமும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

கொஞ்ச நேரத்தில் மாமா வழக்கம்போலக் கூழுக்கு வந்தார். கரையைச் சரித்து வெட்டி வழி பண்ணி, இரண்டு பேருமாகப் பசுவை மேலே ஏற்றினார்கள். அந்தப் படபடப்பில் அம்மா நடந்ததை அப்படியே அவரிடம் சொல்லிவிட்டார், கத்தச் சொன்னது, நான் கத்தியோடு வந்து நின்றது, எல்லாம். மாமா மணலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நல்லவேள, 'வாய தொற'ன்னு சொல்லல. பெட்டியத் தொறந்து வச்சிருப்பான்."

அப்பாவின் சைக்கிள் வந்தபோது மாமாவின் சிரிப்பு இன்னும் முடியவில்லை. அப்பா சரிந்த கரையைப் பார்த்தார், ஈரமாக நிற்கும் பசுவைப் பார்த்தார், மணலில் கிடந்த கத்தியைப் பார்த்தார்.

மாமா ஆரம்பித்தார். "உங்க புள்ள பண்ண கூத்த கேளுங்க. அக்கா இன்னாடான்னா..."

"கத்தி கேட்டேன்" என்றார் அம்மா. கூழ்ச் சட்டியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "கயிறு அறுக்கக் கத்தி கொண்டாடான்னேன். கேட்ட ஒடனே கொண்ணாந்துட்டான். அவன்தான் வெட்டனான்."

மாமா வாயைத் திறந்தபடி அம்மாவைப் பார்த்தார். அம்மா அவர் கையில் கூழைக் கொடுத்தார், கொஞ்சம் வேகமாகவே. மாமா ஒரு வாய் குடித்தார். "ஆமா" என்றார். "கேட்ட ஒடனே."

"பள்ளத்துலேர்ந்து நீ சொன்னது அவன் காதுல வுழுந்துச்சா?" என்று அப்பா கேட்டார்.

"ஏன் வுழாது? வாய்தான் கம்மி. காது நல்லாத்தான் கீது. புத்தியும் நல்லாத்தான் கீது."

அப்பா தென்னையிடம் போனார். மரத்தில் இருந்த மூன்று வெட்டையும் விரலால் தடவிப் பார்த்தார். கத்தியை எடுத்துத் துடைத்து இறவாணத்தில் செருகினார். நான் அடி விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. கத்தியைத் தொட்டதற்கு அடி விழாமல் இருக்கத்தான் அம்மா பொய் சொன்னார் என்று நான் நினைத்துக்கொண்டேன். அது எனக்குப் பெரிய உபகாரமாகத் தெரியவில்லை. பிள்ளைகளுக்காக அம்மாக்கள் தினமும் சொல்கிற பொய்தானே என்றிருந்தது.

மறுநாள் காலை அப்பா மார்க்கெட்டுக்குப் போகவில்லை. வேலியோரத்து உயரமான மரத்தில் ஏறினார். அதில் வெட்டுவதற்குக் காய் இல்லை. இரண்டு காய்ந்த மட்டையைத் தள்ளிவிட்டார். நான் கீழே, மரத்துக்குப் பத்தடி தள்ளி நின்றிருந்தேன். அம்மா பாத்தியில் கீரை பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"கத்தி!" என்றார் அப்பா.

கடல்காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்தது. அப்பா கத்தியை நீட்டிப் பிடித்தபடி காத்திருந்தார். பதில் வராவிட்டால் வழக்கமாக ஒரு வசவோடு இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கிவிடுவார். அன்று இறங்கவில்லை. பாத்தியில் அம்மாவின் கை நின்றுவிட்டது. ஆனால் அவர் என் பக்கம் திரும்பவில்லை.

"ஓய்" என்றேன். பசுவிடம் பேசுகிற குரலில்தான்.

கத்தி வெயிலில் ஒருமுறை புரண்டு வந்து மணலில் குத்திட்டு நின்றது.

அப்பா இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டு அம்மாவிடம் சொன்னார்: "அண்ணனுக்குச் சொல்லி அனுப்பு. வரவேணாம்னு." அம்மா எழுந்து போய்த் துரவில் முகம் கழுவினார். வெகுநேரம் கழுவினார்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல வேண்டும். ரயில் போச்சு. சிந்தாதிரிப்பேட்டை போச்சு. நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு போக ஓர் ஊரும் இல்லை. அம்மாதான் ஏதோ சொல்லிக் கெடுத்துவிட்டார் என்று எனக்குப் பட்டது. மூன்று நாள் அவரோடு பேசவில்லை. நான் யாரோடும் பேசாதவன் என்பதால் வீட்டில் யாருக்கும் அது தெரியவில்லை. அம்மாவுக்கு மட்டும் தெரிந்திருக்கும். கொடி இறக்கிய அன்று அந்தச் சட்டையைப் போட்டு என்னைப் பெசன்ட் நகர் கோயிலுக்குக் கூட்டிப்போனார். கூட்டத்தில் என் கையை விடவே இல்லை. வலிக்கிறது என்று நான் பிடுங்கிக்கொண்டே இருந்தேன்.

அதற்குப் பிறகு அப்பா அடிக்கடி மரம் ஏறினார். காய் இருக்கிறதோ இல்லையோ ஏறுவார். மேலே போய், "கத்தி!" என்பார். நான் ஓய் என்பேன். அந்த மாதம் எங்கள் பதினோரு தென்னையிலும் ஒரு காய்ந்த மட்டைகூட மிச்சமில்லை. மரங்கள் திருவிழாவுக்கு முடி வெட்டிக்கொண்ட மாதிரி நின்றன. பசு கன்று போட்டது. நான் கொஞ்சம் கொஞ்சமாக ஓய் சத்தத்தைக் கூட்டினேன். கூட்டக் கூட்ட அப்பா இன்னும் உயரமான மரமாகப் பார்த்து ஏறினார். அவருக்கு மரமேறும் பைத்தியம் பிடித்துவிட்டது என்று மாமா சொன்னதை நான் நம்பினேன்.

இப்போது அந்த நிலத்தில் நாலு மாடி வீடுகள். நான் அடையாறிலும் பெசன்ட் நகரிலும் வீடுகளுக்குப் போய்த் தென்னை ஏறிக் காய் பறித்துக் கொடுக்கிறேன். அப்பாவின் கத்திதான். டியூபை மட்டும் பலதடவை மாற்றிவிட்டேன். மரத்தின் மேலே உட்கார்ந்து காற்றில் ஆடும்போது, கீழே வாட்ச்மேன் வாய் அசைவது தெரியும். வார்த்தை மேலே வராது. ஆள் முழுக்குரலில் கூவினால்தான் ஏதோ எட்டும். முதல்தடவை இதைக் கவனித்த அன்று, காய் பறிப்பதை நிறுத்திவிட்டு அப்படியே மரத்தைக் கட்டிக்கொண்டு கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தேன். ஒன்பது வயதில் நான் சொன்ன அந்த ஓய் என் கழுத்தைத் தாண்டியிருக்காது. அப்பா அதைக் காதால் கேட்கவில்லை. என் உதடு அசைந்ததைப் பார்த்தார். அது அவருக்குப் போதுமாக இருந்தது.

விடுதி விஷயத்தை என் கல்யாணத்தன்று மாமாதான் உளறினார். மறுவாரம் அம்மாவிடம் கேட்டேன். "அன்னைக்கு நீ இன்னாம்மா சொன்னே? கத்தச் சொன்னியா, கத்தி கேட்டியா?"

அம்மா அரிவாள்மணையில் உட்கார்ந்திருந்தார். "கத்திதான்டா கேட்டேன்" என்றார். "கேட்ட ஒடனே கொண்ணாந்தே."

கடைசிவரை அதையே சொன்னார். அம்மாவும் அப்பாவும் இப்போது இல்லை. அன்பியக் கூட்டத்தில் எழுந்து நின்று நான் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான்.

மகள் இதைப் படித்துச் சிவப்புப் பேனாவால் திருத்திக் கொடுத்தாள். முதல் பக்கத்திலேயே முப்பது க், த் சேர்த்திருந்தாள். அம்மா துரவிலிருந்து சொன்ன வரிக்கு வந்ததும், "அப்பா, இங்கயும் தலைப்புலயும் 'கத்திக் கூப்பிடு'ன்னு ஒற்று வரணும். இல்லேன்னா வெட்டுற கத்தி ஆயிடும்" என்றாள்.

அந்த இரண்டு இடத்தில் மட்டும் வேண்டாம் என்றேன். எங்கம்மா கத்திதான் கேட்டது.

ஆகஸ்ட் 24, ஞாயிற்றுக்கிழமை.